ஒழுகும் செம்புக் குழாய்க்கு வெள்ளிப் பற்று



நெல் பூ எடுக்கிற நேரம். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஆயில் எஞ்சினைச் சுற்றி விடுகிறீர்கள். பத்து நிமிஷம் ஓடுகிறது, பிறகு இருமுகிறது, நின்று போகிறது. ஏர் எடுத்துவிட்டு மறுபடி சுற்றினால் மறுபடியும் பத்து நிமிஷம்தான். மெக்கானிக் வருகிறார். நாசிலைக் கழற்றுகிறார், பம்பைக் கழற்றுகிறார். ஒரு நாள் பொழுதும் ஒரு நோட்டும் போகிறது. கடைசியில் பார்த்தால் கோளாறு பம்பிலும் இல்லை, நாசிலிலும் இல்லை. பில்டரிலிருந்து பம்புக்கு வருகிற செம்புக் குழாயின் நுனியில், பித்தளை நிப்பிள் சேருகிற இடத்தில், தலைமயிர் கனத்துக்கு ஒரு விரிசல். போன வருஷம் யாரோ ஈயம் வைத்துப் பத்த வைத்த இடம் அது.

கரண்டு மோட்டார் வந்த பிறகும் ஆயில் எஞ்சினை விடாமல் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு. செம்புக் குழாய் மூட்டு ஒழுகினால் எந்தப் பற்று வைப்பது, அதை எப்படி வைப்பது என்று பார்ப்போம்.

பற்று வைக்கும் முன்னால் ஒரு வார்த்தை. ஒழுகுகிற மூட்டெல்லாம் பற்று கேட்பதில்லை. நிப்பிளுக்கு இரண்டு பக்கமும் செம்பு வாஷர் இருக்கிறது அல்லவா? அதைக் கழற்றிக் கழற்றி முடுக்கினால் செம்பு இறுகிப் போகும். இறுகிய செம்பு வளைந்து கொடுக்காது. எவ்வளவு முடுக்கினாலும் ஓரத்தில் கசியும். “நட்டை இன்னும் ஒரு சுத்து விடு” என்று ஸ்பேனரைப் போட்டால் மரைதான் போகும். அந்த வாஷரை ஒரு கம்பியில் கோத்து அடுப்புத் தணலில் மங்கலான சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். இரும்பு என்றால் இப்படிச் செய்தால் இறுகும். செம்பு அப்படி இல்லை, மெதுவாகி விடும். மேலே கறுத்த செதிலை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு மாட்டினால் புது வாஷர் மாதிரி உட்காரும். காசு செலவில்லாத வைத்தியம்.

வாஷர் மாற்றியும் நிற்கவில்லையா? குழாயைக் கழற்றி ஒரு நுனியை விரலால் அடைத்து, மறு நுனியில் சைக்கிள் பம்பை வைத்து, ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி அடியுங்கள். குமிழி எங்கே கிளம்புகிறதோ அதுதான் இடம். டீசல் சொட்டவில்லையே, அப்புறம் எப்படி ஓட்டை இருக்கும் என்று கேட்கலாம். டேங்க் உயரத்தில் இருந்தால் சொட்டும். பில்டர் அடைத்துக்கொண்டு பம்பு உறிஞ்சி இழுக்கிற நிலைமை வந்துவிட்டால், அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

சரி, இடம் தெரிந்துவிட்டது. அங்கே ஏன் ஈயம் நிற்கவில்லை?

பத்த வைக்கிற ஈயம் என்பது வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த கலப்பு. 183 டிகிரி சென்டிகிரேடிலேயே இளகத் தொடங்கிவிடும். வைப்பது சுலபம், விலையும் மலிவு. ஆனால் அது மெத்தென்ற உலோகம். எஞ்சின் உடம்பு சுட்டால் இன்னும் மெதுவாகும். போதாக்குறைக்கு எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் நடுக்கம். ஆட்டி ஆட்டி, ஒரு நாள் விரிசல் விழுந்துவிடும். சூடு படாத, ஆட்டம் இல்லாத இடத்துக்கு ஈயம் போதும். எஞ்சின் குழாய்க்கு அது போதாது.

“அப்படின்னா கேஸ் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பித்தளை ராடு வச்சு ஊதிடலாமே” என்பார்கள். பித்தளை ராடு உருகுவதற்கு ஏறக்குறைய 900 டிகிரி வேண்டும். உங்கள் நிப்பிளும் பித்தளைதான். ராடு உருகும்போது நிப்பிளும் சேர்ந்து உருகி உட்கார்ந்துவிடும். கை தேர்ந்தவர்களே திணறுவார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் வெள்ளிப் பற்று. தட்டார் பற்றாசு என்கிறாரே, அதே குடும்பம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளி தனியாக உருக 961 டிகிரி வேண்டும். செம்புக்கு 1,085 டிகிரி. ஆனால் 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் சேர்த்து உருக்கினால் 780 டிகிரியிலேயே உருகி ஓடும். அதோடு துத்தநாகமும் கொஞ்சம் வெள்ளீயமும் சேர்ந்தால் இன்னும் கீழே இறங்கும். 45 பங்கு வெள்ளி உள்ள ஒரு வகை ராடு 650-க்கும் 680-க்கும் நடுவில் உருகிவிடுகிறது. செம்புக்கும் ஆபத்தில்லை, பித்தளைக்கும் ஆபத்தில்லை. ஆறிய பிறகு ஈயத்தைப் போலப் பல மடங்கு உறுதி. எஞ்சின் சூடு அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

இனிக் கடைக்குப் போவோம். ஏமாறுகிற இடம் இதுதான், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். “சில்வர் ராடு கொடுங்க” என்றால் மூன்று விதமான சரக்கு உங்கள் கைக்கு வரலாம்.

ஒன்று, வெள்ளீயத்தில் மூன்று நான்கு பங்கு மட்டும் வெள்ளி கலந்த கம்பி. இதுவும் சில்வர் சால்டர் என்றே பெயர் போட்டு வருகிறது. பொய் இல்லை, வெள்ளி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 221 டிகிரியில் உருகுகிற இதுவும் ஈய வகைதான். காரீயம் இல்லாததால் குடிதண்ணீர்ப் பாத்திரத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நல்லது. எஞ்சின் குழாய்க்கு ஆகாது. கண்டுபிடிப்பது சுலபம்: கம்பி நுனியைத் தீக்குச்சிச் சுடரில் காட்டுங்கள். சொட்டாக உருகினால் ஈய வகை. உண்மையான வெள்ளிப் பற்று தீக்குச்சிக்கு அசையாது.

இரண்டாவது, பார்க்கச் செம்பு நிறத்தில் விறைப்பாக இருக்கும் ராடு. பிரிஜ் மெக்கானிக்குகள் வைத்திருப்பார்கள். செம்பில் பாஸ்பரஸ் கலந்தது. சிலவற்றில் 15 பங்கு வெள்ளி இருக்கும், சிலவற்றில் 2 பங்கு, சிலவற்றில் அறவே இருக்காது. ஆனாலும் பேச்சு வழக்கில் எல்லாமே சில்வர் ராடுதான். இது மட்டமான சரக்கு என்று சொல்லிவிட முடியாது. செம்போடு செம்பைச் சேர்க்க இதைவிடத் தோதானது இல்லை, பிளக்ஸ்கூட வேண்டாம். பாஸ்பரஸே செம்பின் மேலுள்ள கறையைத் தின்றுவிடும். பித்தளை ஒரு பக்கம் இருந்தால் பிளக்ஸ் கட்டாயம் வேண்டும். இரும்பு ஒரு பக்கம் இருந்தால் இதைத் தொடவே கூடாது. ஒட்டியது போலத்தான் தெரியும். உள்ளே பாஸ்பரஸும் இரும்பும் சேர்ந்து அப்பளம் மாதிரி நொறுங்குகிற ஒரு படலம் உண்டாகும். எஞ்சின் நடுக்கத்தில் அது சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும்.

மூன்றாவதுதான் 30, 40, 45 பங்கு வெள்ளி உள்ள ராடு. லேசான மஞ்சள் கலந்த வெள்ளை நிறம். வெள்ளி கூடக் கூட நிறம் வெளுக்கும், விலையும் ஏறும். செம்பு, பித்தளை, இரும்பு மூன்றையும் எப்படிக் கலந்து வைத்தாலும் பிடிக்கும். பிளக்ஸ் எப்போதும் வேண்டும். நம் எஞ்சின் குழாய்க்கு இதுவே சரி. விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம், கிராம் கணக்கில் வாங்கலாம். ஆறு மில்லிமீட்டர் குழாயில் ஒரு மூட்டுக்கு, ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியில் ஒரு சென்டிமீட்டர் நீளம் தாராளம். ஒரு ராடு வாங்கி நாலு பேர் வெட்டிப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குப் பல வருஷம் வரும்.

வாங்கும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: “இதில் காட்மியம் இருக்கா?” காட்மியம் சேர்த்தால் ராடு 610, 620 டிகிரியிலேயே தண்ணீர் மாதிரி ஓடும். வேலை வழவழவென்று நடக்கும். அதனால்தான் பழைய தலைமுறை வெல்டர்களுக்கு அதன் மேல் ஒரு பிரியம். ஆனால் கொஞ்சம் சூடு மிஞ்சினால் காட்மியம் புகையாகக் கிளம்பும். அந்தப் புகை மூச்சில் போனால் அப்போது ஒன்றும் தெரியாது. வேலையை முடித்து, சாப்பிட்டுப் படுத்த பிறகு, நாலைந்து மணி நேரம் கழித்து நெஞ்சு இறுகும், இருமல் வரும், காய்ச்சல் வரும். சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் குடித்துக்கொண்டு கிடந்தவர்கள் நுரையீரல் வெந்து இறந்தது உண்டு. ஐரோப்பிய நாடுகளில் 2011-ஆம் வருஷம் பற்று ராடுகளில் காட்மியம் சேர்ப்பதற்குத் தடை போட்டுவிட்டார்கள். காட்மியம் இல்லாத ராடு நன்றாகவே வேலை செய்கிறது, ஐம்பது டிகிரி சூடு கூட வேண்டும், அவ்வளவுதான். உறை இல்லாத, பெயர் தெரியாத பழைய ராடு பட்டறையில் கிடந்தால் அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தெரியாமல் அந்தப் புகையைப் பிடித்துவிட்டு நெஞ்சு இறுகினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் “பற்று ராடுப் புகை, காட்மியமாக இருக்கலாம்” என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

பிளக்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டார் வெங்காரம் வைக்கிறாரே, அதையே நாமும் வைக்கலாமா? வெங்காரம் ஏறக்குறைய 740 டிகிரியில்தான் உருகும். 650-இல் உருகுகிற ராடுக்கு அதை வைத்தால், பற்று ஓடத் தயாராக இருக்கும்போது வெங்காரம் கல்லாக உட்கார்ந்திருக்கும். வெள்ளி குறைந்த, அதிகச் சூடு கேட்கிற ராடுக்கு வெங்காரம் சரி. 45 பங்கு ராடுக்கு அதற்கென்று விற்கிற வெள்ளிப் பற்று பிளக்ஸையே வாங்குங்கள். அதில் புளூரைடு உப்பு இருக்கிறது. புகையை மூக்கில் வாங்கக் கூடாது, கையில் புண் இருந்தால் படவும் கூடாது.

இப்போது வேலைக்கு வருவோம்.

குழாயில் துளி டீசல் இருக்கக் கூடாது. வடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஊதிக் காயவைத்த பிறகே நெருப்புக்குப் போக வேண்டும். இரண்டு நுனியும் திறந்திருக்க வேண்டும். ஒரு நுனி அடைத்திருந்து உள்ளே ஈரமோ டீசலோ இருந்தால் ஆவி முட்டி வெடிக்கும்.

அடுத்தது பழைய ஈயம். ஒரு பட்டறையில் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெரியவர் குழாயோடு வந்தார். “ஈயத்து மேலயே வெள்ளியை ஓட்டிடு தம்பி, ரெட்டைப் பிடியா நிக்கும்” என்றார். தம்பியும் சரியென்று நெருப்பைக் காட்டினார். குழாய் சிவந்தபோது ஈயம் கொதித்துச் செம்பையும் பித்தளையையும் அரிக்க ஆரம்பித்தது. ஆறிய பிறகு பார்த்தால் நிப்பிள், உப்புக் காற்றில் கிடந்த செங்கல் மாதிரி குழி குழியாக இருந்தது. நல்லாயிருந்த நிப்பிளும் போயிற்று. காரீயமும் வெள்ளீயமும் சிவந்த செம்பைக் கரைத்துத் தின்னும். வெள்ளிப் பற்றோடு கலந்தால் அதையும் நொறுங்க வைக்கும். ஆகையால் முதலில் இளஞ்சூட்டில் ஈயத்தை உருக்கி உதறி, துணியால் துடைத்து, பிறகு அரத்தாலும் உப்புத்தாளாலும் செம்பின் சொந்த நிறம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். ஈயம் ஊறிய நுனியை ஓர் அங்குலம் வெட்டி எறிய முடிந்தால் அதைவிட நல்லது. குழாயில் அவ்வளவு நீளம் மிச்சம் இருக்கும்.

குழாயும் நிப்பிளும் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகின்றன என்பதில்தான் பற்றின் உயிரே இருக்கிறது. இடைவெளி ஒரு செய்தித்தாளின் கனம் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே மாதிரி உருகிய வெள்ளி அந்தச் சந்தில் தானாக ஏறும். சந்து அகலமானால் ஏறாது, கீழே வழியும். ஆப்பு மாதிரி இறுக்கி அடித்தாலும் போக இடமில்லை. ஐந்தாறு மில்லிமீட்டர் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருந்தால் போதும். குழாய் நடுவில் விரிசல் என்றால் மேலே பூசி அடைக்கப் பார்க்காதீர்கள். அந்த இடத்தை வெட்டி, மேலே சரியாகப் பொருந்துகிற பெரிய குழாய்த் துண்டு ஒன்றைக் கூடாக மாட்டி, இரண்டு பக்கமும் பற்று வையுங்கள்.

நிழலில் வையுங்கள். வெயிலில் செம்பு சிவப்பது கண்ணுக்குத் தெரியாது, சூடு மிஞ்சிப் போகும். ஆனால் அடைத்த அறையும் ஆகாது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசட்டும். புளோ லாம்பே இந்தச் சின்ன மூட்டுக்குப் போதும், சுற்றிலும் காய்ந்த செங்கல்லை நிறுத்திச் சூட்டைக் கட்டி வைத்தால் சீக்கிரம் ஆகும். கேஸ் நெருப்பு என்றால் கூர்மையாக ஒரே இடத்தில் காட்டக் கூடாது. மெத்தென்ற சுடரை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிளக்ஸைத் தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து இரண்டு பக்கமும் தடவி மாட்டுங்கள். இனிச் சூடு எவ்வளவு என்று சொல்ல உங்களுக்குக் கருவி வேண்டாம், பிளக்ஸே சொல்லும். முதலில் தண்ணீர் கொதித்து வற்றும். பிறகு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் பொரியும். அவசரப்பட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளை அடங்கி, உருகிய நெய் மாதிரி தெளிந்து செம்பின் மேல் படரும். அது 600 டிகிரிப் பக்கம். செம்பில் மங்கலான சிவப்பு எட்டிப் பார்க்கும். அப்போது ராடு நுனியை மூட்டில் தொடுங்கள்.

ராடை நெருப்பில் உருக்கி மேலே சொட்டவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. சொட்டு குளிர்ந்த செம்பின் மேல் பாதரசம் மாதிரி உருண்டு நிற்கும், ஒட்டாது. செம்பின் சூட்டில்தான் ராடு உருக வேண்டும். கனமான நிப்பிளை முதலில் சூடாக்குங்கள், குழாய் தானே பிடித்துக்கொள்ளும். பற்று எப்போதும் சூடான பக்கம் ஓடும். ஆகவே ராடை இந்தப் பக்கம் தொட்டுச் சுடரை அந்தப் பக்கம் காட்டினால் வெள்ளி சந்துக்குள் புகுந்து மறுபக்கம் ஒரு வெள்ளைக் கோடாக எட்டிப் பார்க்கும். அந்தக் கோடு முழுச்சுற்றும் தெரிந்தால் நெருப்பை எடுத்துவிடுங்கள். பிளக்ஸ் கறுத்துவிட்டால் அது செத்துவிட்டது என்று அர்த்தம். மேலும் மேலும் சூடாக்கிப் பயனில்லை. ஆறவிட்டு, சுத்தம் செய்து, முதலிலிருந்து தொடங்குங்கள்.

பற்று இறுகும்வரை குழாயை அசைக்கக் கூடாது. இறுகிச் சிவப்பு போன பிறகு வெந்நீரில் போட்டால் கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கும் பிளக்ஸ் விண்டு போகும். வெளியே பிரஷ் போட்டுத் தேய்த்தால் போயிற்று. உள்ளே இருப்பதுதான் வில்லங்கம். பம்பின் பிளஞ்சர் எவ்வளவு நெருக்கமாக ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மணல் அளவு பிளக்ஸ் உள்ளே போனாலும் பிளஞ்சரில் கோடு விழுந்துவிடும். ஐம்பது பைசா வேலைக்குப் பம்பைப் பலி கொடுத்த கதையாகும். குழாயை ஒரு ராத்திரி வெந்நீரில் ஊறப்போட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஊதி, கடைசியில் சுத்தமான டீசல் விட்டு அலசி, பழைய வாளிச் சோதனையை இன்னொரு தடவை செய்துவிட்டு மாட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் இந்தப் பற்று ஆகுமா என்றால், ஆகாது. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகிற கனத்த இரும்புக் குழாயில் கை வைக்காதீர்கள். அதற்குள் டீசல் நூற்றுக்கணக்கான கிலோ அழுத்தத்தில் போகிறது. வெடித்துப் பீறிடுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது ஒழுகினால் புதுக் குழாய்தான்.

பழைய பித்தளை ஸ்பிரேயர் வீட்டில் இருந்தால், மருந்து அடிக்கிற குழலின் கழுத்து மூட்டுக்கு வெள்ளிப் பற்று வைக்கலாம். ஆனால் அதற்குள் என்னென்ன மருந்து ஊறியிருக்கிறதோ! நெருப்புப் பட்டால் அதுவும் விஷப் புகைதான். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுச் சூடாக்குங்கள். தொட்டியின் மூட்டுகள் ஈயத்தால் பத்த வைத்தவையாக இருந்தால், ஒரு மூட்டுக்கு வெள்ளி வைக்கப் போய்ப் பக்கத்து மூட்டெல்லாம் கழன்றுவிடும். அங்கே ஈயமே போதும். காற்றடித்து அழுத்தம் ஏற்றுகிற வகைத் தொட்டி என்றால் எந்தப் பற்றும் வேண்டாம், முதுகில் குண்டைக் கட்டிக்கொண்ட மாதிரி. செம்புக் குடம், அண்டா போன்ற குடிதண்ணீர்ப் பாத்திரத்துக்குக் காரீயமும் ஆகாது, காட்மியமும் ஆகாது.

எஞ்சின் குழாயை மாட்டும்போது இன்னொன்றையும் பாருங்கள். நெருப்புப் பட்ட செம்பு மெதுவாகியிருக்கும்; ஓயாமல் ஆடினால் மறுபடியும் இறுகி, பற்றுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். கம்பெனிக்காரர்கள் குழாயில் ஒரு சுருள் சுற்றி வைத்திருக்கிறார்களே, அது அழகுக்கு வைத்தது அல்ல, ஆட்டத்தை வாங்கிக்கொள்ள வைத்தது. அதை நிமிர்த்திவிடாதீர்கள். நடுவில் குழாயைப் பிடிக்கிற கிளிப் விழுந்திருந்தால், ஒரு துண்டு ரப்பர் டியூபைச் சுற்றிப் புதுக் கிளிப் போட்டு எஞ்சின் உடம்போடு முடுக்கிவிட்டு, அதற்குப் பிறகு டீசல் வால்வைத் திறந்து ஏர் எடுங்கள்.